உரசிப் பார்த்த காலம்

கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியஸை எளிதாக எட்டிவிடும் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில், காரின் டேஷ்போர்டில் சிவப்புப் பட்டை தீட்டிய ஹீட்டர் குமிழ், வண்டி வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பெரும்பாலும் இருந்துவிடுகிறது. கொடைக்கானலுக்குப் போய்வந்த குடும்பம் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் உண்டு. அந்தக் குமிழுக்குப் பின்னால், இடப்பக்க இருக்கையில் அமர்பவரின் முழங்காலுக்கு எதிரே உள்ள பெட்டியில் சுழலும் சிறு மோட்டாரை அப்படி மறந்துவிட முடியாது. பட்டறைகளில் ‘புளோயர்’ என்று வழங்கும் இந்தக் காற்றூதி, வெப்பக் காற்று, வெளிக்காற்று, குளிர்காற்று ஆகிய மூன்றையும் ஒரே விசிறியால் தள்ளுவதாகையால், தயாரிப்பாளரின் வரைபடத்தில் ‘ஹீட்டர் புளோயர்’ என்று எழுதப்பட்டிருந்தாலும், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்போன இந்தக் கந்தக பூமியில் அது ஏ.சி.யின் உறுப்பாகவே அறியப்படுகிறது. சித்திரை வெயிலில் அது நின்றுவிட்டால் ஃபியூஸ் போயிற்றா, ரிலே போயிற்றா, மோட்டாரே போயிற்றா என்பதை வீட்டு வாசலில் வைத்தே கண்டறியலாம்; அதற்கு இன்று கையாளப்படும் முறைகள் இவ்வூர்க் காரில் புளோயர் வருவதற்கும் முந்தியவை, மில்லிலும் கிணற்றடியிலும் பேருந்துக் கொட்டகையிலும் பிறந்தவை. உரசிப் பார்த்தல், விளக்கு வைத்துப் பார்த்தல், மீட்டர் வைத்துப் பார்த்தல் என்று அவை மூன்றாக அடுத்தடுத்து வந்தன. ஆனால் பின்னால் வந்ததே சிறந்தது என்று கொள்வது இத்தொழிலில் சரிப்படாது.

இவ்வட்டாரத்தில் மின்சாரத்தைக் கையாளும் பழக்கம் எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லுமுன், அது எங்கே வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வானம் பார்த்த பூமியில் வேளாண்மையை மட்டும் நம்பியிருக்க இயலாத நிலையில், சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் ஊரில் அதைத் தொடங்கினர். விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் என்று மாறியதும் அதே ஆண்டில்தான். இறக்குமதி இயந்திரங்களோடு தொடங்கப்பட்ட தீப்பெட்டித் தொழில், இங்கு கூலிக்கு ஆள் மிகுதியாகக் கிடைத்ததால் விரைவிலேயே கைவேலையாக மாறியது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி, அதாவது பொருள் உற்பத்தியாகும் இடத்திலேயே விதிக்கப்படும் வரி, வந்தபின் சிறு உற்பத்தியாளருக்கும், பின்னாளில் மின்விசையின் துணையின்றிச் செய்பவருக்கும் அவ்வரியில் சலுகை கிடைத்தது. மின்சாரம் ஊருக்குள் வந்த பிறகும் அதைத் தொழிற்கூடத்துக்குள் விடாமல் இருப்பதே இலாபம் என்ற விந்தையான நிலை இப்படி உருவாயிற்று. கூடங்கள் பெருகின, அவற்றுள் மோட்டார் பெருகவில்லை.

பட்டாசு ஆலைக்குள் மின்சாரம் நுழையாததற்கு வரி காரணமன்று, உயிர் காரணம். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் 1940இல் வெளியான விதிகள் உரிமம் பெற்ற தொழிற்சாலைகளுக்கு வழிவகுக்க, இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோக, சிவகாசியில் பட்டாசு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் தொடங்கியது 1942இல். அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலக்கும் அறையில் பகல் வெளிச்சத்திலேயே வேலை முடிய வேண்டும். இரும்புக் கருவி கூடாது, மரமும் செம்பும் பித்தளையுமே கூடும். உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம், அதாவது துணியும் தோலும் உரசுவதால் சேர்ந்து பாய வழியின்றி நிற்கும் மின்னேற்றம், மண்ணுக்குள் இறங்கிவிடும்படி வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே போக வேண்டும். மின்சாரம் என்ன செய்யும் என்பதை உலகின் வேறெந்தத் தொழிலாளியையும் விடக் கூர்மையாக உணர்ந்தவர்கள் இந்த அறைகளில் வேலை செய்தார்கள் என்றால் மிகையாகாது. ஆனால் அது மின்சாரத்தைத் தவிர்க்கும் அறிவு. அதைத் தேடிப் பிடித்து வேலை வாங்கும் அறிவு ஆலையின் வேலிக்கு வெளியே வேறு இடங்களில் வளர்ந்தது.

அவ்விடங்களில் முதலில் சொல்லத் தக்கவை மில்கள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்லும் அதைத் தொடர்ந்து வந்தவையும் பஞ்சைச் சார்ந்தவை. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் தென்மாவட்டத்துத் தொழில்களுக்கு நிலையான மின்விசை கிடைத்தது. 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியிருந்தனர். அந்நகரத்து மோட்டார்கள் பிற்காலத்தில் தமிழகத்துக் கிணறுகளுக்கெல்லாம் பரவின. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் ஊர்கள்தோறும் மின்கம்பி இழுக்கப்பட, 1957இல் மின்வாரியமும் அமைய, கமலை இறைத்த கிணறுகளில் பம்புசெட் ஏறியது. பம்புசெட் ஏறிய இடத்திலெல்லாம் அது எரிந்துபோவதும் இயல்பாயிற்று. மின்னழுத்தம் தாழ்ந்த இரவுகளில் சூடேறிக் கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றுவதைக் ‘காயில் கட்டுதல்’ என்பர். சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி போன்ற ஊர்களில் காயில் கட்டும் கடைகளின் சோதனைமுறையே பின்னாளில் கார் வரை வந்தது.

அந்தக் கடைகளின் முதன்மையான கருவி ‘சீரிஸ் லேம்ப்’. ஒரு மரப்பலகையில் 100 வாட் பல்பு ஒன்று. அதன் வழியாகவே மின்சாரம் வந்து சேரும்படி வெளியே நீட்டிய இரண்டு வயர்கள். இவ்வளவே அதன் அமைப்பு. வயர்களின் முனைகளை மோட்டார்ச் சுற்றின் இரு முனைகளில் வைத்தால், சுற்று அறுந்திருக்கையில் பல்பு எரியாது, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறுக்குவழி ஏற்பட்டிருக்கையில் முழு ஒளியோடு எரியும், சுற்று நலமாயிருந்தால் மங்கலாக எரியும். ஒரு முனையைச் சுற்றிலும் மறுமுனையை மோட்டாரின் இரும்புக் கூட்டிலும் வைத்துப் பல்பு எரிந்தால், கம்பியின் மின்காப்பு, அதாவது மேற்பூச்சு, கெட்டு மின்சாரம் கூட்டுக்குக் கசிகிறது என்று பொருள். ‘பாடியில் அடிக்கிறது’ என்பது அதற்குரிய கடைமொழி. சுழலும் பகுதியான ஆர்மேச்சரைச் சோதிக்க ‘குரோலர்’ என்ற கவட்டை வடிவ மின்காந்தம் இருந்தது. ஆர்மேச்சரை அதன் கவட்டில் கிடத்தி, மேலே ஓர் ஆக்ஸா பிளேடை லேசாகப் பிடித்தபடி மெல்ல உருட்டினால், ஒட்டிப்போன சுற்றின் மேல் வரும்போது மட்டும் பிளேடு வண்டுபோல் இரைந்து துடிக்கும். எண்ணோ அளவோ எதுவும் இல்லை. கண்ணுக்கு ஒளி, காதுக்கு இரைச்சல், விரலுக்கு அதிர்வு. எழுத்தறியாதவருக்கும் கைவந்த இந்தச் சோதனைமுறையை 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் அதன் கீழ் அமைந்த தொழிற்பயிற்சி நிலையங்களும் பாடமாக்கினவே ஒழிய மாற்றவில்லை.

வண்டிகளின் வழி வேறு. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் அடுத்த ஆண்டுகளில் பேருந்து விட, பாண்டி நாட்டுச் சாலைகள் மாட்டு வண்டியிலிருந்து மோட்டாருக்கு மாறின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது பேருந்தின் பின்புறத்தில் கரி அடுப்பு ஒன்று ஏறியது; அதில் கரி கனன்று எழும் வாயுவே எஞ்சினுக்கு எரிபொருள். காலையில் அந்த அடுப்பைக் கனியவைக்கக் கையால் சுற்றும் காற்றூதி ஒன்று அதனுடன் இருந்தது. கிளீனர் அதை வியர்க்க வியர்க்கச் சுற்றுவார். கொல்லன் பட்டறையின் துருத்திக்கு மாற்றாக வந்த அதே பொறிதான் அது. ஆக, இந்நாட்டு வண்டியில் புளோயர் முதலில் ஏறியது தீயை வளர்க்க. ஆளைக் குளிர்விக்க அது திரும்பி வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

அக்காலத்து வண்டியின் மின்சாரம் டைனமோ தந்தது. டைனமோ நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம், தரும் பொறி. அது மின்னேற்றுகிறதா என்று பார்க்க மேஸ்திரிகள் அதன் வயரைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போதே வண்டியின் இரும்பில் ஒரு தட்டுத் தட்டுவர். நீலப் பொறி கொழுத்து வந்தால் டைனமோ நலம். சிவந்து மெலிந்து வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வராவிட்டால் கழற்ற வேண்டும். விளக்கு, ஹார்ன், துடைப்பான் மோட்டார் என எந்த இணைப்புக்கும் இதே வழி. வண்டியின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாக இருப்பதால்தான் இது இயன்றது. அந்தத் திரும்பு பாதைக்கு ‘எர்த்’ என்று பெயர், மண்ணோடு அதற்குத் தொடர்பில்லை என்றாலும். இன்றைய வண்டிகளில் மின்கலத்தின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்க, பிரிட்டிஷ் வார்ப்பில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் நேர்முனை உடலோடு இணைந்திருந்தது; இரண்டும் ஒரே கொட்டகையில் நின்ற ஆண்டுகளில் வயரை மாற்றிக் கொடுத்து மோட்டார் பின்னோக்கிச் சுற்றியதும், கருவிகள் கருகியதும் உண்டு.

உரசுதல் என்ற சொல் கந்தக பூமியில் வெறும் சொல் அன்று. தீக்குச்சியை உரசுவதில் ஊரின் பிழைப்பு இருந்தது. வயரை உரசிப் பார்ப்பதில் மேஸ்திரியின் திறமை இருந்தது. ஆலைகளில் நேரும் விபத்துகளைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வரும் சொல் ‘உராய்வு’. சரக்கு ஏற்ற ஆலை வளாகத்துக்குள் வரும் லாரியின் புகைபோக்கிக்கே பொறி தடுப்பான், அதாவது புகையோடு வெளியேறும் கனலைப் பிடித்துக்கொள்ளும் சல்லடைப் பெட்டி, வேண்டும் என்ற இடத்தில், பொறியைத் தட்டி வரவழைத்துப் பார்க்கும் சோதனைக்கு இடமில்லை. ஆலைக்கு வெளியிலும் அது ஆபத்தற்றதாக இருக்கவில்லை. ஈய அமில மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜனை வெளியிடுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். மின்கலத்துக்குப் பக்கத்தில் உரசிப் பார்த்து, மூடி பெயர்ந்து, அமிலம் முகத்தில் தெறிப்பது அந்தத் தொழிலில் யாவரும் அறிந்த விபத்து.

ஆயினும் உரசலை ஒழித்தது அச்சம் அன்று, டையோடு. டைனமோவின் இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டர் மாறுமின்சாரத்தை உண்டாக்கி, அதை டையோடுகள் வழியே நேராக்கித் தருகிறது. டையோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கான் துண்டு. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றி இரும்பில் தட்டினால் கண நேரத்தில் எழும் மிகையழுத்தம் டையோடைக் கொன்றுவிடும். பழைய மேஸ்திரி நலமான பொறியைப் பார்த்துத் தலையசைத்த அதே நொடியில் ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும் நிலை வந்தபின், காயில் கடையின் விளக்கு வண்டிக்கு இறங்கி வந்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட். 100 வாட் பல்புக்குப் பதில் பிரேக் விளக்கின் 21 வாட் பல்பு. ஹோல்டரிலிருந்து இரண்டு வயர், ஒன்றின் நுனியில் முதலைவாய்க் கிளிப், மற்றதன் நுனியில் கூரான ஊசி. ‘டெஸ்ட் லேம்ப்’ பிறந்தது.

இதற்கிடையில் காற்றூதி காருக்குள் வந்துகொண்டிருந்தது. எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய நீரை ஒரு சிறு ரேடியேட்டர் வழியே செலுத்தி, அதன்மேல் விசிறியால் காற்றைத் தள்ளி அறையைச் சூடாக்கும் முறை அமெரிக்காவில் 1930களில் பரவியது. 1938இல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளிழுத்துச் சூடாக்கித் தரும் அமைப்பைக் கொண்டுவந்தது. பேக்கார்டின் 1940ஆம் ஆண்டு மாதிரியில் குளிரூட்டி சேர்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1950களின் இறுதியில் வந்த அம்பாசடரில் தென்னாட்டார் தேடிய காற்று, கதவருகே இருந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் சாலைக் காற்றுதான். வசதியுள்ள டாக்சிக்காரர் டேஷ்போர்டில் கைப்பிடி அளவுள்ள 12 வோல்ட் ஃபேன் ஒன்றைப் பூட்டிக்கொண்டார். 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். அமைந்து ஸ்டார்ட்டர், டைனமோ, துடைப்பான் மோட்டார் போன்றவற்றை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. 1983இன் இறுதியில் மாருதி வெளிவர, 1985இல் ஜப்பானிய டென்சோவின் கூட்டோடு சுப்ரோஸ் நிறுவனம் கார் குளிரூட்டிகளுக்கென்றே அமைய, 1998இல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ ஓடத் தொடங்க, நடுத்தரக் குடும்பத்துக் காரிலும் ஏ.சி. இயல்பாயிற்று. இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து 1985இல் உருவான இம்மாவட்டத்தில் ‘கார் ஏ.சி.’ என்ற பலகை ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளின் நெற்றியில் ஏறியதும் இந்த ஓட்டத்தில்தான்.

புளோயரின் மின்பாதை நீளமானதன்று. மின்கலத்தில் தொடங்கும் மின்சாரம் ஃபியூஸைத் தாண்டி, ரிலே வழியே மோட்டாரை அடைந்து, வேகத் திருகியும் ரெசிஸ்டரும் வழிவிட, வண்டியின் உடலுக்கு இறங்குகிறது. ஃபியூஸ் எதற்கு என்பதைத் தமிழ் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. சோர்ந்து கிடப்பவரை ‘ஃபியூஸ் போன பல்பு’ என்று சொல்லும் அளவுக்கு அது பேச்சில் கலந்துவிட்டது. வீட்டு ஃபியூஸில் செம்புக் கம்பியைக் கூடுதலாக முறுக்கிப் போடும் கெட்ட பழக்கமும் சேர்ந்தே கலந்துவிட்டது; காரில் 20 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸின் இடத்தில் அதைச் செய்தால் முதலில் உருகுவது டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர்க் கட்டு. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்த விசை. ரெசிஸ்டர் என்பது மின்தடைக் கம்பிச் சுருள்களின் தொகுப்பு. குறைந்த வேகத்துக்கு மூன்று சுருளும் மோட்டாரோடு தொடராக நிற்க, வேகம் கூடக்கூட ஒவ்வொரு சுருளாக விலகி, உச்ச வேகத்தில் எதுவுமின்றி மோட்டாருக்கு முழு அழுத்தமும் கிடைக்கும். உச்ச வேகத்தில் மட்டும் புளோயர் ஓடி, மற்ற வேகங்களில் அசையாமல் நின்றால், வேறெதையும் கழற்றாமலே ரெசிஸ்டர் போயிற்று என்று சொல்லிவிடலாம்.

ரெசிஸ்டர் ஏன் போகிறது என்பதில் கரிசல் மண்ணுக்கும் பங்குண்டு. 2 ஓம் தடை வழியே 4 ஆம்பியர் பாய்ந்தால் அச்சுருளில் 32 வாட் வெப்பம் பிறக்கும். அதைக் குளிர்விக்கவே ரெசிஸ்டரைப் புளோயரின் காற்றோட்டத்துக்குள் நீட்டி வைத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தப்படும் காரில் உதிர்ந்த இலையும் பூவும் கரிசல் புழுதியும் காற்றுப் பாதையை அடைத்துக்கொண்டால் சுருள் சூடேறி, அதிலுள்ள வெப்ப ஃபியூஸ், அதாவது அளவு மீறிய சூட்டில் உருகித் துண்டிக்கும் சிறு இணைப்பு, அறுந்துவிடும். இலையைப் பெருக்காமல் புது ரெசிஸ்டர் போடுபவர் சில மாதங்களில் அடுத்ததையும் வாங்குவார். எலி கூடு கட்டுவதும் வயரைக் கொறிப்பதும் இதே பெட்டியில்தான்.

விளக்கு வைத்துப் பார்க்கும் முறை இப்பாதையைப் படிப்படியாகத் தொடர்கிறது. கிளிப்பை வண்டியின் பூச்சில்லாத இரும்பில் கவ்வவிட்டு, சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், ஊசியை முதலில் ஃபியூஸின் இருபுறத்திலும் வைக்க வேண்டும். ஒருபுறம் எரிந்து மறுபுறம் எரியாவிட்டால் ஃபியூஸ் போயிற்று. இரண்டும் எரிந்தால் மோட்டாரின் கப்ளருக்கு, அதாவது வயர்களைச் செருகும் இணைப்பானுக்கு, வர வேண்டும். இங்கே பழகியவரும் தடுமாறுவதுண்டு: ஜப்பானிய வழியில் வந்த பல கார்களில் மோட்டாருக்கு மின்கலத்தின் நேர்முனை மின்சாரம் சாவி திருப்பியவுடனே நேரடியாக வந்து நிற்க, வேகத் திருகியும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கும் எர்த்துக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய காரில் கப்ளரின் ஒரு வயரில் விளக்கு எரிகிறதே, மோட்டார் ஓடவில்லையே, ஆகவே மோட்டார் கெட்டது என்று முடிவு கட்டினால், கெடாத மோட்டாரைக் கழற்றி வைத்ததுதான் மிச்சம். கிளிப்பை மின்கலத்தின் நேர்முனைக்கு மாற்றி, ஊசியைக் கப்ளரின் மற்ற வயரில் வைத்து, வேகத் திருகியை ஒவ்வொரு படியாகத் திருப்பினால் எர்த் பாதை எந்தப் படியில் இருக்கிறது, எந்தப் படியில் அறுந்திருக்கிறது என்று விளக்கே காட்டிவிடும்.

மீட்டர் இதற்குப் பின்பே வீட்டுக்கு வந்தது, உலகில் அது பழையதாக இருந்தாலும். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ‘ஆவோமீட்டர்’ இங்கிலாந்தில் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்கடியின் ஆக்கமாக வெளிவந்தது 1923இல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அதே ஆண்டு. மில்லிலும் மின்வாரியத்திலும் கண்ணாடிப் பேழைப் பொருளாக இருந்த மல்டிமீட்டர், சீனத் தயாரிப்பான மஞ்சள் நிற டி.டி.830 போன்றவை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியபின் வீட்டு மேசை இழுப்பறைக்கு வந்தது. அதுவரை சட்டைப் பையில் பேனாவோடு குத்தியிருந்த ‘டெஸ்டர்’, நியான் விளக்கு பதித்த திருப்புளி, காருக்கு ஒரு சிறிதும் உதவாது. நியான் ஒளிர ஏறத்தாழ 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், காரில் இருப்பதோ 12. டெஸ்டரைக் காரில் வைத்துப் பார்த்து ‘கரண்டே வரவில்லை’ என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம்.

மீட்டரின் மீது உள்ள மதிப்பு அதன் எண்ணால் வந்தது. அந்த எண்ணே சில வேளைகளில் ஏமாற்றும். பச்சைக் களிம்பேறிய ஒரு கப்ளரில் 5 ஓம் தடை சேர்ந்திருப்பதாகக் கொண்டால், மீட்டரின் உட்தடை 10 லட்சம் ஓம் அல்லது அதற்கும் மேல் இருப்பதால், அதன் வழியே பாயும் மின்சாரம் ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. களிம்பு அதைத் தடுப்பதில்லை. மீட்டர் மிடுக்காக 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் 21 வாட் விளக்கை வைத்தால், எரியும் நிலையில் அதன் தடை 7 ஓம் அளவே ஆகையால், அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியைக் களிம்பு தின்றுவிட, விளக்கு மினுக்கிச் சிவக்கும். 10 ஆம்பியர் இழுக்க வேண்டிய மோட்டாரின் பங்குக்கு 2 வோல்ட்டும் சொச்சமுமே மிஞ்சும். அது முனகிவிட்டு நின்றுவிடும். மின்சாரம் வருகிறதா என்ற கேள்விக்கு மீட்டர் விடை சொல்கிறது. வேலை செய்யும் அளவுக்கு வருகிறதா என்ற கேள்விக்கு விளக்கே விடை சொல்கிறது. பழைய மேஸ்திரிகள் விலையுயர்ந்த மீட்டரை வைத்துக்கொண்டும் பல்பு ஹோல்டரைத் தூக்கி எறியாததற்குப் பழக்கத்தின் பிடிவாதம் மட்டும் காரணமன்று.

மீட்டருக்கென்று உரிய இடமும் உண்டு. ரெசிஸ்டரைக் கழற்றி அதன் சுருள்களை ஓம் அளவில் பார்ப்பதற்கும், மோட்டார் ஓடும்போது அதன் எர்த் முனைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே தொலைந்துபோகும் வோல்ட்டை அளப்பதற்கும் அதைவிட நல்ல கருவி இல்லை. எர்த் முனை உடலோடு நேராக இணைந்த பாதையில் ஒரு வோல்ட்டில் சில பங்குக்கு மேல் தொலைந்தால் அந்த இணைப்பைச் சுரண்டித் துலக்க வேண்டும். மலிவு மீட்டரில் 10 ஆம்பியர் துளையின் அருகே ஃபியூஸ் இல்லை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல், புளோயரின் மின்சாரத்தை அதன் வழியே விட்டு மீட்டரையே கருக்கியவரும் உண்டு.

கடைசிச் சோதனை மோட்டாரை நேரே மின்கலத்தில் இணைத்து ஓட்டிப் பார்ப்பது. ஃபியூஸ் கோத்த வயர் கொண்டு, இணைப்பை முதலில் மோட்டார்ப் பக்கம் முடித்து, மின்கலப் பக்கம் கடைசியாகத் தொடுவதும், அதையும் மின்கலத்தின் மூடிக்கு எட்டத் தொடுவதும் உரசல் காலத்து விபத்துகள் கற்றுத் தந்த ஒழுங்கு. நிலைக்காந்தம் கொண்ட இம்மோட்டார் முனை மாறினால் திசை மாறிச் சுற்றும். அணில் கூண்டு போன்ற அதன் விசிறி பின்னோக்கிச் சுற்றும்போதும் ஓரளவு காற்று வரும் என்பதால், ‘ஓடுகிறது, ஆனால் காற்றுக்கு வலுவில்லை’ என்ற மயக்கம் ஏற்படும். தட்டினால் ஓடி, தட்டாவிட்டால் நிற்கும் மோட்டாரில் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ். சுழலும் செப்புத் துண்டுகளுக்கு மின்சாரத்தை உரசியபடியே கொண்டு சேர்க்கும் கரிக்கட்டி அது. பட்டாசு ஆலைகள் வேலிக்கு வெளியே துரத்திய உரசலும் பொறியும் ஒவ்வொரு புளோயருக்குள்ளும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன என்பதைக் கூட்டின் காற்றுத் துளை வழியே எட்டிப் பார்த்தால் காணலாம்; நலமான மோட்டாரில் அது ஊசிமுனை அளவு நீலம், தேய்ந்ததில் வளையமாகச் சுற்றும் மஞ்சள்.

தானே வெப்பநிலையைப் பேணிக்கொள்ளும் கார்களில் ரெசிஸ்டரின் இடத்தை மின்னணுத் தொகுதி ஒன்று பிடித்துக்கொண்டது. மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுத்தும், வேறு சில கார்களில் அதன் அழுத்தத்தை இழுத்துப் பிடித்தும் அது வேகத்தை ஆள்கிறது. அதற்கு ஆணையிடும் மெல்லிய வயரில் 21 வாட் விளக்கை வைத்தால் கணினிப் பெட்டி பழுதாகலாம்; மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களில் ஊசி குத்தினால் பை வெடித்து விரியக்கூடும், அதற்குள்ளும் இருப்பது ஒரு சிட்டிகை வெடிமருந்துதான். சாத்தூர்ச் சாலையில் இப்போது ஓடும் மின்கார்களில் எஞ்சினின் சூடு இல்லாததால் ஹீட்டர் தனிக் கருவியாகிவிட்டது. ஆரஞ்சு நிற வயரில் பல நூறு வோல்ட் ஓடும் அக்கருவியை வீட்டில் யாரும் தொடக்கூடாது. அதன் பக்கத்துப் பெட்டியில் காற்றைத் தள்ளும் மோட்டாருக்கு மட்டும் பெரும்பாலும் பழைய 12 வோல்ட்டே வருகிறது.